தரைக்கு மார்க் போட்ட நாட்கள்

அடுத்தவர் பெருக்கித் துடைத்த தரைக்கு மார்க் போடுவதுதான் எங்கள் தொழில். உனக்குப் பெருக்கத் தெரியுமா என்று நேர்முகத் தேர்வில் ஒருவரும் கேட்கவில்லை.

விடைத்தாள் திருத்துகிறவர்களே, தணிக்கைக்குப் போகிறவர்களே, அடுத்தவர் செய்த வேலையைப் பார்த்தே சம்பளம் வாங்குகிற என் இனத்து மக்களே, உங்களுக்குத்தான் இது புரியும். நாம் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். டீ கொடுப்பார்கள், கூட உட்கார்ந்து குடிக்க மாட்டார்கள். சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு நாம் திரும்பும் வரைக்கும்கூடத் தாங்காது. இப்படி ஒரு வேலைக்குத்தான் டிப்ளமோ முடித்த கையோடு சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பையும் ஒரு வாளியுமாக ஒரகடத்தில் வந்து இறங்கினேன்.

என் கூட்டாளி ஒரு மெஷின். முழங்கால் உயரம், நாலு சக்கரம், முன்னால் ஒரு கேமரா, வயிற்றுக்கு அடியில் ஒரு வெள்ளை டேப் சுருள். கட்டடத்தின் வரைபடத்தை மனப்பாடம் செய்துகொண்டு தானாகவே நடக்கும். குறித்த இடம் வந்ததும் நின்று, டேப்பைத் தரையில் ஒரு அமுக்கு அமுக்கி எடுக்கும். அதில் ஒட்டியிருக்கும் தூசியைப் படம் பிடித்து, நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும். பின்னாலேயே கையில் ஒரு திரையை வைத்துக்கொண்டு நான் நடப்பேன். மாட்டுக்குப் பின்னால் நடப்பதுபோல இருக்கும் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். அதற்குத்தான் இவ்வளவு படித்தாயா என்று கேட்டாள்.

யாரைப் பார்க்க?

எங்கள் கம்பெனி என்னை அனுப்பியது காருக்கு வயர் பின்னும் ஒரு தொழிற்சாலைக்கு. முதல் நாள் கேட்டில் நின்றவர் ஏழுமலை அண்ணன். இருபது வருஷ செக்யூரிட்டி அனுபவம், அதைவிடப் பழைய மீசை. அவரிடம் இரண்டு நோட்டு இருந்தது. ஒன்று உள்ளே போகும் ஆட்களுக்கு, இன்னொன்று உள்ளே போகும் சாமான்களுக்கு. மெஷினைச் சாமான் நோட்டில்தான் எழுதத் தொடங்கினார். நம்பரைப் பார்க்கக் குனிந்தபோது அது தானாக இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டது. அண்ணன் நிமிர்ந்து அதை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார். சாமான் நோட்டை மூடினார்.

ஆள் நோட்டைத் திறந்தார். பெயர், ஊர், நேரம் எல்லாம் ஒருவழியாக நிரம்பிவிட்டது. ஊர் என்ற இடத்தில் கிண்டி என்று எழுதிக்கொண்டார், எங்கள் ஆபீஸ் அங்கே இருப்பதால். சந்திக்க வந்த நபர் என்ற கட்டத்தில்தான் பேனா நின்றது. எனக்குப் பின்னால் இரண்டு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அண்ணன் அசரவில்லை. நன்றாக யோசித்து, விசிட்டர் அட்டை ஒன்றை எடுத்து மெஷினின் கேமராக் கழுத்தில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "தரையப் பாக்க வந்துகீதுன்னு எழுதிக்கிறேன். போவசொல்ல அட்டைய மறக்காம குடுத்துடச் சொல்லு."

வாத்தியார்

அந்தத் தொழிற்சாலையின் தரைக்குச் சொந்தக்காரர் மகேஸ்வரி அக்கா. சட்டப்படி அல்ல. சட்டப்படி அவர் ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டில் சூப்பர்வைசர். அவருக்குக் கீழே பதின்மூன்று பெண்கள், அவரோடு பதினாலு. எல்லோரும் வல்லக்கோட்டையைச் சுற்றி உள்ளவர்கள், காலையில் ஒரே வேனில் வந்து இறங்குவார்கள். பச்சைப் பெயின்ட் தரையில் அவர்கள் துடைத்துவிட்டுப் போன இடத்தில் மேலே எரியும் டியூப் லைட்டை எண்ணலாம்.

அட்மின் மேனேஜர் பாஸ்கர் சார் அவர்களை வரிசையாக நிற்கவைத்து விஷயத்தைச் சொன்னார். தினமும் மெஷின் நாற்பது இடத்தில் பார்க்கும். மாதக் கடைசியில் சராசரி எழுபதுக்குக் குறைந்தால் ஒருமுறை மன்னிப்பு. அடுத்த மாதமும் குறைந்தால் கான்ட்ராக்ட் வேறு ஆளுக்கு. சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பதினாலு ஜோடிக் கண்களுக்கு நடுவில் நானும் மெஷினும் மட்டும் நின்றோம்.

அக்கா மெஷினைச் சுற்றி வந்தார். பிறகு வலது கால் ஷூவைக் கழற்றி, வெறுங்காலைத் தரையில் வைத்து மெதுவாக இழுத்தார். அவர் தரை பார்க்கும் முறை அதுதான். கண்ணால் பார்க்கவே மாட்டார். உள்ளங்காலில் ஒரு மணல் பட்டால்கூட யார் துடைத்தது என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பார்த்து முடித்து ஷூவைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "எம்புள்ள பிளஸ் டூல கூட எழுவது வாங்குனதில்ல. சரி, வாத்தியார வரச் சொல்லு, பாத்துக்கலாம்." அன்றிலிருந்து மெஷினின் பெயர் வாத்தியார்.

நாலு மணி டீ

முதல் இரண்டு வாரம் யாரும் என்னோடு டீ குடிக்கவில்லை. நம் தொழிலில் அது வழக்கம்தானே. மூன்றாவது வாரம் ஒரு கிருத்திகை வந்தது. லைனில் வேலை பார்க்கும் பாதிப்பேர் காலையில் வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். அன்று டேப் முழுக்கத் திருநீறு. வாத்தியாருக்குச் சாமி ஏது? அழுக்கு என்று எழுதி மார்க்கைக் குறைத்துவிட்டது. நான் குறிப்பில் "இது அழுக்கு அல்ல" என்று எழுதி, மார்க்கைத் திருத்தி அனுப்பினேன். எப்படியோ அது அக்காவின் காதுக்குப் போய்விட்டது. அன்று நாலு மணிக்குக் கேன்டீன் வாசலில் எனக்கும் ஒரு டம்ளர் டீ வந்தது.

அதிலிருந்து நாலு மணி என்றால் அக்காவும் நானும்தான். டீயில் இஞ்சி தூக்கலாக இருக்கும். ஷிப்ட் முடிந்து வெளியே வரும் பெண்களும் உள்ளே போகும் பெண்களுமாக அந்த இடமே கலகலவென்று இருக்கும். நான் ஆறு பேரோடு தங்கியிருந்த ஹாஸ்டல் அறை, அதில் யாருடைய சோப்பை யார் எடுத்தார்கள் என்ற தினசரிச் சண்டை, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டுவேன். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதையும் சொன்னேன். ஆறு மாதம் முடிந்து இருபத்தைந்தாம் தேதி லெட்டர் வரவேண்டும். வராவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஊரில் எனக்காக ஒரு மாப்பிள்ளை ஜாதகத்தோடு காத்திருந்தார். "அந்த லெட்டர் மட்டும் வரட்டும்க்கா, பொறவு ஒருத்தருக்கும் பயப்பட மாட்டேன், சொல்லுதேன் பாருங்க" என்றேன். அக்கா டீயை ஊதிக்கொண்டே சிரித்தார். "சொல்லுதேன், வாரேன், போறேன்னுகினு... நீ பேசறத கேட்டுகினு இருந்தா ரேடியோ கேட்ட மாரி கீது. வாத்தியாருக்கும் கொஞ்சம் கத்துக் குடு, எப்ப பாரு பீப் பீப்னுது."

கியாரண்டி

வாத்தியாரின் டேப் வெளிநாட்டிலிருந்து வருவது. ஒருமுறை கையில் ஒரே ஒரு சுருள்தான் மிச்சம் இருந்தது, அடுத்தது கப்பலில் எங்கேயோ மிதந்துகொண்டிருந்தது. கிண்டி ஆபீசில் என் மேலதிகாரி தினகரன் சாருக்குப் போன் போட்டேன். அவர் எந்தப் பிரச்சினைக்கும் பத்து விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார். "வெள்ளையா இருக்கணும், அகலம் சரியா இருக்கணும். அவ்ளோதான். பக்கத்துல வாங்கிக்கோ" என்றார்.

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் ஒரு பேக்கிங் சாமான் கடை. நான் ஸ்கேல் வைத்து அகலத்தை அளந்து பார்த்தேன். சரியாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்து வெள்ளையைப் பார்த்தேன். அதுவும் சரி. கடைக்காரருக்கு என்னைப் பார்க்க வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், கல்யாணப் புடவை எடுப்பவள்கூட இவ்வளவு பார்க்க மாட்டாள் என்றார். இரண்டு டஜன் வாங்கினேன். பசை எப்படி என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. அவர் கேட்காமலே சொன்னார்: "ஒருவாட்டி ஒட்னா ஒட்னதுதாம்மா. நீ பிச்சிகினாலும் கோந்து அங்கயே நிக்கும், கியாரண்டி."

மஞ்சள் கோடு

புது டேப் மாட்டிய இரண்டாம் நாள் வெளிநாட்டிலிருந்து பெரிய மனிதர்கள் வருவதாக இருந்தது. பாஸ்கர் சார் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. நடைபாதையின் இரண்டு பக்கமும் உள்ள மஞ்சள் கோட்டை முந்தின ஷிப்டில்தான் புதிதாக அடித்திருந்தார்கள். விருந்தினர்களுக்கு முன்னால் வாத்தியார் நடந்து காட்டவேண்டும் என்பது அவருடைய ஆசை. நல்ல ஆசைதான். பெயின்ட்டும் தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருந்தது.

வாத்தியார் கம்பீரமாகக் கிளம்பியது. அதன் நாற்பது இடங்களில் ஆறு இடம் மஞ்சள் கோட்டின் ஓரத்தில் விழும். முதல் இடத்தில் அமுக்கியது, எடுத்தது. தீப்பெட்டி அளவுக்கு மஞ்சள் கோடு டேப்போடு மேலே வந்துவிட்டது. நான் திரையில் நிறுத்தும் பொத்தானைத் தேடுவதற்குள் ஆறு இடத்திலும் வேலையை முடித்துவிட்டு, நூற்றுக்குப் பதினொன்று என்று மார்க்கும் போட்டுவிட்டது. வந்தவர்கள் அது அப்படித்தான் போலிருக்கிறது என்று கைதட்டினார்கள். அவர்கள் போன பிறகு பாஸ்கர் சார் கோட்டின் பொத்தலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அழுக்க எடுக்கச் சொன்னா அலங்காரத்த எடுத்துட்டியேம்மா."

அன்று எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். டேப்பைப் பற்றி யோசிக்கவேண்டிய நாள் அதுதான்.

தேய்க்கத் தேய்க்க

அதற்குப் பிறகு மார்க் இறங்கத் தொடங்கியது. ஒரேயடியாக அல்ல, தினமும் ஒன்று, ஒன்றரை. அந்த மாதம் முடிந்தபோது சராசரி எழுபதுக்குக் கீழே இருந்தது. ஒரு மன்னிப்பு தீர்ந்துவிட்டது. பாஸ்கர் சார் அக்காவுக்கு மெமோ கொடுத்தார். அக்கா அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இன்னும் அதிகமாகத் தேய்க்க வைத்தார். மார்க் இன்னும் இறங்கியது.

வாத்தியார் எந்த நாற்பது இடத்தில் நிற்கும் என்பது ரகசியம். ஆனால் தினமும் ஒரே நாற்பதில் நிற்கும் மெஷினிடம் ரகசியம் எத்தனை நாள் தங்கும்? கோமதி என்ற பெண், அக்காவின் குழுவில் வாய்த்துடுக்கு அவளுக்குத்தான், எல்லா இடத்தையும் தெரிந்து வைத்திருந்தாள். அந்த நாற்பதை மட்டும் தனியாக மூன்று தடவை துடைத்தாள். அக்காவுக்குத் தெரிந்து திட்டு விழுந்தது. தரையைத் துடைக்கிறோமா, வாத்தியாரை ஏமாற்றுகிறோமா என்று கத்தினார். வேடிக்கை என்னவென்றால், கோமதி மூன்று தடவை துடைத்த இடத்தில்தான் மார்க் இன்னும் மோசம். அவள் என் கையிலிருந்த திரையை எட்டிப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். "காப்பியடிச்சும் ஃபெயிலாக்குற வாத்தியார இன்னைக்குத்தான்க்கா பாக்குறேன்."

வெறுங்கால்

பதினாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. லைன் ஓடவில்லை. பராமரிப்பு வேலைக்காகச் சில பேர் மட்டும் வந்திருந்தோம். மத்தியானம் அக்கா என்னைக் கூப்பிட்டு, "ஷூவ கயட்டு" என்றார். ஷாப் ஃப்ளோரில் வெறுங்காலோடு நிற்கக்கூடாது என்பது விதி. "யாராச்சும் பாத்தா வம்புக்கா" என்றேன். "இன்னைக்கி எவன் வரப்போறான்? கயட்டு."

நடந்தேன். தரை ஜில்லென்று, கண்ணாடிபோல வழுவழுப்பாக இருந்தது. ஒரு மணல் இல்லை. நாலடி, ஐந்தடி. பிறகு ஓரிடத்தில் உள்ளங்கால் லேசாகப் பிடித்துக்கொண்டு 'சட்' என்று விட்டது. இன்னும் கொஞ்சம் நடந்தேன். மறுபடி 'சட்'. குனிந்து பார்த்தால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. விரலால் தொட்டால் பிசுபிசுப்பு. அடுத்தது எங்கே என்று எனக்குக் காலை வைக்கும் முன்பே தெரிந்துவிட்டது. நாற்பது இடமும் எனக்கும் மனப்பாடம் ஆயிற்றே.

வாத்தியார் அமுக்கிய ஒவ்வொரு இடத்திலும் டேப்பின் பசை தங்கியிருந்தது. அந்தப் பசையில் அன்றைய தூசி ஒட்டும். மறுநாள் அதே இடத்தில் அமுக்கி, தான் சேர்த்துவைத்த அழுக்கைத் தானே எடுத்து மார்க்கைக் குறைக்கும். போகும்போது இன்னும் கொஞ்சம் பசை வைத்துவிட்டுப் போகும். பாதிப் பசையை மாப் இழுத்து அகலமாக்கியிருந்தது. அதனால்தான் துடைக்கத் துடைக்க மோசம். அகலத்தையும் வெள்ளையையும் பார்த்து அந்த டேப்பை வாங்கியவள் நான். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனுக்கு மூணு நாளா தெரியும். உங்கால்ல பட்டாத்தான் நீ நம்புவன்னு இட்டாந்தேன்."

ஆறு நாள்

ஆபீசில் பேசுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். பேசவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் போனைக் கையில் எடுப்பேன். இருபத்தைந்தாம் தேதி நினைவுக்கு வரும். லெட்டர் கைக்கு வந்ததும் சொல்லிவிடலாம், முப்பதாம் தேதி வரை நேரம் இருக்கிறதே என்று போனை வைத்துவிடுவேன். கிண்டிக்குப் போன் போடாத குற்றத்துக்கு அம்மாவுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசினேன். பயம் எப்படியெல்லாம் கணக்குப் போடும் என்பது பயந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த வாரம் ஒரு அதிசயம் நடந்தது. மார்க் இறங்குவது நின்றது. அறுபத்தைந்திலேயே நின்றது, ஏறவில்லை, இறங்கவும் இல்லை. பார்த்தாயா, தானாகவே சரியாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா டீக்கு வருவது மட்டும் குறைந்தது. மற்ற பெண்களைக் கேட்டால் வேலை என்றார்கள். இருபதாம் தேதி சனிக்கிழமை வந்தார். டம்ளரை விரலால் பிடிக்கவில்லை. துப்பட்டாவைச் சுருட்டி அதற்குள் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் பிடித்திருந்தார். என்ன என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றார். நான் விடாமல் கையைப் பிடித்துத் திருப்பினேன். விரல்நுனி எல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. தினமும் காலையில் வேனுக்குக் காத்திருக்காமல் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து, பெயின்ட் தின்னரைத் துணியில் நனைத்து, நாற்பது இடத்திலும் முட்டிபோட்டுப் பசையைச் சுரண்டியிருக்கிறார். ரப்பர் கையுறை தின்னரில் கூழாகிவிடுகிறது என்று வெறுங்கையாலேயே. மறுபடி மாலைக்குள் வாத்தியார் புதிதாக வைத்துவிட்டுப் போகும்.

அங்கேயே, டீ ஆறுவதற்குள், தினகரன் சாருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். டேப், பசை, மார்க், நான் ஆறு நாள் மறைத்தது உட்பட. இந்த முறை அவர் பத்து விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டார். கடைசியில் கேட்டார்: "ஆறு நாள் சும்மா இருந்தவ, இன்னும் அஞ்சு நாள் சும்மா இருந்திருக்கக் கூடாதாம்மா?"

பாஸ்கர் சாரின் சாக்ஸ்

திங்கட்கிழமை பாஸ்கர் சாரிடம் போனேன். தினகரன் சார் வரவில்லை, நீயே பேசிக்கொள் என்றுவிட்டார். பாஸ்கர் சார் மெஷினை நம்பினார். இத்தனை விலை கொடுத்து வாடகைக்கு எடுத்த மெஷின் பொய் சொல்லுமா என்றார். "பொய் சொல்லல சார். அது வச்ச அழுக்கத்தான் அது எடுக்கு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. திரையில் படம் காட்டினேன், கோடு போட்ட அட்டவணை காட்டினேன். அதுவும் புரியவில்லை. வாசலில் நின்ற மகேஸ்வரி அக்கா உள்ளே வந்து, "சார், ஷூவ கயட்டிட்டு வாங்க" என்றார். ஒரு மேனேஜரிடம் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நூற்றுக்கணக்கான பெண்கள் வயர் பின்னுவதை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் பார்க்க, பாஸ்கர் சார் பேன்ட்டை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு நடந்தார். சாக்ஸை மட்டும் கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். நாலாவது இடத்தில் சாக்ஸின் நுனி தரையோடு நின்றது, சார் முன்னால் போய்விட்டார். கோமதி திரும்பிக்கொண்டு வாயைப் பொத்தினாள். சார் திரும்பி வந்தார். சாக்ஸைக் கழற்றிவிட்டு, நாற்பது இடத்துக்கும் நடந்தார். இடையிலிருந்த தரையில் வேண்டுமென்றே காலை இழுத்து இழுத்துப் பார்த்தார். முடித்துவிட்டு அக்காவின் கையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அந்த மெமோவ எடுத்துட்டு வாம்மா, கிழிச்சுடலாம். அது உனக்குக் கொடுத்தது இல்ல, கோந்துக்குக் கொடுத்தது."

இருபத்தைந்தாம் தேதி

இரண்டு மாதத்து மார்க்கும் ரத்தானது. கான்ட்ராக்ட் நின்றது. பதினாலு பேரும் அதே வேனில் வந்தார்கள். கப்பல் டேப் வந்து சேர்ந்தது, வாத்தியாரும் தினமும் ஒரே இடத்தில் நிற்காமல் இடம் மாற்றி நிற்கக் கற்றுக்கொண்டது. கடைத்தெரு டேப்பில் மிச்சமிருந்ததை ஏழுமலை அண்ணன் வாங்கிக்கொண்டு போய்த் தன் கிழிந்த நோட்டுகளை எல்லாம் ஒட்டினார். இன்றைக்கும் பிரியாமல் இருக்கும்.

எனக்கு இருபத்தைந்தாம் தேதி லெட்டர் வந்தது. நிரந்தரம் அல்ல, இன்னும் மூன்று மாதம் தகுதிகாண் காலம் என்று. படித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அக்கா தேடிக்கொண்டு வந்துவிட்டார். விரலில் எல்லாம் துணி சுற்றியிருந்தது. லெட்டரைக் காட்டினேன். எனக்கு அன்று அழுகையைவிடக் கோபம்தான் அதிகம், அதுவும் அவர்மேல். "அன்னைக்கு ஞாயித்துக்கிழமையே பாஸ்கர் சார்ட்ட நீங்களே போயி சொல்லிருக்கலாம்லக்கா? ஏன் கையப் புண்ணாக்கிட்டு ஒரு வாரம் சும்மா இருந்தீங்க?"

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். ஏதோ தரைக் கணக்குச் சொல்வதுபோல விரல் விட்டுச் சொன்னார். நான் போய்ச் சொன்னால் டேப்பு யார் வாங்கினது என்றுதான் முதலில் கேட்பார்கள், உன் லெட்டர் போய்விடும். உனக்கு இருபத்தைந்தாம் தேதி வரவேண்டும். எங்களுக்கு முப்பதாம் தேதி. நடுவில் ஐந்து நாள் இருக்கிறது, போதும். அதுவரைக்கும் மார்க் படுத்துவிடாமல் பார்த்துக்கொண்டால் சரி. இதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமையும் இல்லை, என்மேல் வருத்தமும் இல்லை. பிறகு துணி சுற்றிய விரலால் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "இருவத்தஞ்சாந்தேதி வரைக்கும் கையி தாங்கும்னுதான் நெனச்சிகினு இருந்தேன். நீதான் அவசரப்பட்டுட்ட."

மூன்று மாதம் கழித்து வேலை நிரந்தரமானது. ஜாதகத்தோடு காத்திருந்தவர் வேறு பெண் பார்த்துக்கொண்டார், நன்றாக இருக்கட்டும். இப்போது நான் கோயம்புத்தூரில், ஒரு குளிர்சாதன அறையில், நாலு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மெஷின்களுக்குப் பின்னால் யாரும் நடப்பதில்லை, மார்க் தானாக வந்து விழுகிறது. நாலு மணிக்கு டீ வருகிறது. அதில் இஞ்சி இல்லை, எதிரே ஆளும் இல்லை. எந்தக் கட்டடத்திலாவது மார்க் ஒன்று ஒன்றாக இறங்கினால், திரையை விட்டுவிட்டு அங்கே துடைக்கிறவரின் நம்பரைக் கேட்டு வாங்குவேன். ஷூவைக் கழற்றிவிட்டு ஒருமுறை நடந்து பார்க்கிறீர்களா என்று கேட்பேன். பைத்தியம் என்றுதான் முதலில் நினைப்பார்கள்.

இத்தனை வருஷம் எத்தனையோ தரைக்கு நூற்றுக்கு இத்தனை என்று கூசாமல் போட்டிருக்கிறேன், அந்த ஆறு நாளுக்கு மகேஸ்வரி அக்கா எனக்கு எத்தனை போட்டார் என்று கேட்கத்தான் இன்னும் வாய் வரவில்லை.